டவர் இல்லாத விமானதளத்தில் ரேடியோவில் என்ன பேசுவது, எப்படிப் பேசுவது?

கேள்வி இதுதான்: "அரிசோனாவில் விமானப் பயிற்சி ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. டவர் இருக்கும் இடத்தில் கண்ட்ரோலர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சமாளித்துவிடுகிறேன். காஸா கிராண்டே மாதிரி டவர் இல்லாத இடத்துக்குப் போனால் வாயே திறக்க வரவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பேசியே தீர வேண்டுமா? தப்பாகச் சொல்லிவிட்டால்? யாரும் பேசவில்லையென்றால் வானம் காலி என்று வைத்துக்கொள்ளலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வைத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்த விமானதளங்கள் ஏறத்தாழ 5,000. அவற்றில் டவர், அதாவது கண்ட்ரோலர் இருந்து வழிநடத்தும் கோபுரம், உள்ளவை 500-ஐ ஒட்டித்தான். மீதி எல்லா இடத்திலும் விமானிகள் தங்களுக்குள் பேசி, பார்த்து, வழிவிட்டு இறங்குகிறார்கள். இவற்றில் பெரும்பாலான இடங்களில் ரேடியோ இருக்க வேண்டும் என்றே சட்டம் கிடையாது. மின்சார அமைப்பே இல்லாத பழைய பைப்பர் கப் ஒன்று சத்தமில்லாமல் உங்களுக்கு முன்னால் ஃபைனலில், அதாவது ஓடுபாதைக்கு நேராக இறங்கும் கடைசிப் பகுதியில், வரலாம். அவர் எந்த விதியையும் மீறவில்லை. ரேடியோ உள்ளவர்களிலும் ஒருவர் அலைவரிசையை மாற்ற மறந்திருப்பார், இன்னொருவர் ஒலியைக் குறைத்து வைத்திருப்பார். ஆகவே அமைதி என்பது தகவல் அல்ல.

இனி விஷயத்துக்கு வருவோம். டவரோடு பேசுவதும் இங்கே பேசுவதும் வேறு வேறு வேலைகள். அங்கே நீங்கள் அனுமதி கேட்கிறீர்கள், ஒருவர் தருகிறார். இங்கே கேட்பதற்கு ஆள் இல்லை, தருவதற்கும் ஆள் இல்லை. நீங்கள் பேசுவதைக் கேட்கும் இன்னொரு விமானி, வானத்தில் சரியான பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். அறிவிப்பின் பயன் அவ்வளவுதான். பேசுவதற்கு முன் "இதைக் கேட்டால் அவர் எந்தப் பக்கம் பார்ப்பார்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த வாக்கியம் வீண்.

முதலில் அலைவரிசை. டவர் இல்லாத இடத்தில் எல்லோரும் பேசும் பொது அலைவரிசைக்கு 'சிடாஃப்' என்று பெயர். செக்‌ஷனல் என்ற விமானிகளின் வரைபடத்தில் டவர் உள்ள தளம் நீல நிறத்திலும் டவர் இல்லாதது மெஜந்தா நிறத்திலும் இருக்கும். அலைவரிசை எண்ணுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'சி' எழுத்து இருந்தால் அதுதான் சிடாஃப். 122.7, 122.8, 123.0 போன்ற எண்கள் அடிக்கடி கண்ணில் படும். இவை யூனிகாம் அலைவரிசைகள். தரையில் எரிபொருள் விற்பவரோ அலுவலக ஊழியரோ காற்று என்ன, எந்த ஓடுபாதை பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லக்கூடும். அவர் கண்ட்ரோலர் அல்ல. யூனிகாமே இல்லாத இடத்தில் பெரும்பாலும் 122.9. இரவில் டவர் மூடிவிடும் தளங்களில் பொதுவாக டவரின் அலைவரிசையே சிடாஃப் ஆகிவிடும். எதையும் மனப்பாடமாக நம்ப வேண்டாம். கிளம்புவதற்கு முன் சார்ட் சப்ளிமென்ட் என்ற விமானதளக் கையேட்டின் நடப்புப் பதிப்பில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பேட்டர்ன் இடதா வலதா, உயரம் எவ்வளவு, பாராசூட் குதிப்பு உண்டா என்பதும் அங்கேயே இருக்கும். பேட்டர்ன் என்பது ஓடுபாதையை ஒட்டி எல்லோரும் சுற்றும் செவ்வகப் பாதை. கிளம்பிய பின் குறுக்கே திரும்பிப் பறப்பது கிராஸ்விண்ட், ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறப்பது டவுன்விண்ட், ஓடுபாதையை நோக்கித் திரும்பி வருவது பேஸ், கடைசியில் ஓடுபாதைக்கு நேராக இறங்குவது ஃபைனல்.

சில எண்களை வைத்துக்கொண்டு நாடு முழுக்கச் சமாளிப்பதால், ஒரே அலைவரிசையில் பல ஊர்கள் இருக்கும். விமான ரேடியோவின் வி.ஹெச்.எஃப். அலை நேர்கோட்டில் போகும். 3,000 அடியில் பறக்கும் விமானத்துக்கு ரேடியோ தொடுவானம் சுமார் 67 கடல் மைல். அதே உயரத்தில் இன்னொரு விமானம் இருந்தால் இருவரும் ஏறத்தாழ 130 மைல் தள்ளியிருந்தும் ஒருவரையொருவர் கேட்கலாம். அதனால்தான் ஊர்ப் பெயரை அறிவிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்லச் சொல்கிறார்கள். இது சம்பிரதாயம் இல்லை. தொடக்கத்தில் கேட்கத் தவறியவர் முடிவில் பிடித்துக்கொள்வார். காஸா கிராண்டேவுக்குப் பக்கத்தில் இருக்கும் கூலிட்ஜிலும் 5/23 (ஒரு முனை 5, மறுமுனை 23) என்றே ஓடுபாதை உண்டு. "லெஃப்ட் பேஸ், ரன்வே ஃபைவ்" என்று மொட்டையாக ஒரு குரல் வந்தால், எந்த ஊரின் ஐந்தாம் ஓடுபாதை என்று யாருக்குத் தெரியும்?

அறிவிப்பின் வரிசை இப்படி இருக்கட்டும்: யாருக்கு, யார், எங்கே, எந்த உயரம், என்ன செய்யப் போகிறேன், மறுபடி ஊர்ப் பெயர். உதாரணமாக:

"காஸா கிராண்டே டிராஃபிக், செஸ்னா ஒன் டூ த்ரீ ஆல்ஃபா பிராவோ, டென் மைல்ஸ் நார்த், த்ரீ தவுசண்ட் ஃபைவ் ஹன்ட்ரட், இன்பவுண்ட், வில் என்டர் லெஃப்ட் டவுன்விண்ட் ரன்வே ஃபைவ், ஃபுல் ஸ்டாப், காஸா கிராண்டே."

இதைச் சொல்லப் பத்துப் பதினைந்து வினாடி ஆகும். முதல் அறிவிப்புக்கு அவ்வளவு தாங்கும். பேட்டர்னுக்குள் வந்த பிறகு ஒவ்வொன்றும் ஐந்தாறு வினாடிக்குள் முடிந்துவிட வேண்டும்.

10 மைல் தொலைவிலேயே பேசச் சொல்வதற்குக் காரணம் நேரம். 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் 10 மைல் என்பது 6 நிமிடம். பேட்டர்னில் ஒருவர் ஒரு சுற்றை முடிக்கவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும். உங்களை எங்கே எதிர்பார்க்கலாம் என்று அவர் திட்டமிட அது போதும். ஆனால் பேசுவதற்கு முன் கேளுங்கள். 15 மைலிலேயே சிடாஃப்பைத் திருப்பிவிட்டால் 10 மைல் வருவதற்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த ஓடுபாதை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். வானிலைத் தகவலை இன்னும் முன்னாலேயே கேட்டு முடித்துவிடுங்கள். இரண்டு ரேடியோவையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் இரண்டிலும் பாதிதான் காதில் விழும்.

புதியவர்களிடம் நான் அதிகம் கேட்கும் பிழை திசை. வடக்கே இருந்துகொண்டு தெற்கு நோக்கிப் பறப்பவர் "டென் மைல்ஸ் சவுத்" என்று சொல்லிவிடுகிறார். மூக்கு தெற்கே பார்க்கிறது, திசைகாட்டியிலும் தெற்கு என்று இருக்கிறது, நாக்கு அதையே சொல்லிவிடுகிறது. மற்றவர்கள் எல்லோரும் தெற்கே தேடுவார்கள், நீங்கள் வடக்கிலிருந்து வந்து நிற்பீர்கள். விமானதளத்தை நோக்கி நேராக வரும்போது திசைகாட்டிச் சக்கரத்தின் அடிப்பகுதியை, அதாவது விமானத்தின் வால் பக்கம் காட்டும் எண்ணைப் படியுங்கள். நீங்கள் ஊருக்கு எந்தத் திசையில் இருக்கிறீர்கள் என்பது அதுதான். "இன்பவுண்ட் ஃப்ரம் தி நார்த்" என்று சேர்த்துச் சொன்னால் குழப்பம் இன்னும் குறையும்.

இடத்தைச் சொல்லும்போது ஊர்க்காரருக்கு மட்டும் தெரிந்த அடையாளம் வேண்டாம். "பால் பண்ணைக்கு மேலே" என்றால் வெளியூர் விமானிக்கு என்ன புரியும்? கருவி வழி இறங்கும் பயிற்சியில் இருப்பவர்கள் இதையே வேறு விதமாகச் செய்கிறார்கள். இறங்கும் வழியைக் காட்டும் வரைபடத்தில் உள்ள ஐந்தெழுத்துப் புள்ளியின் பெயரைச் சொல்லி, அதைத் தாண்டிவிட்டேன் என்பார்கள். மூன்று வாரம் பயின்ற மாணவருக்கு அது வெறும் சத்தம். "ஃபைவ் மைல்ஸ் சவுத்வெஸ்ட், ஸ்ட்ரெய்ட்-இன் ரன்வே ஃபைவ்" என்றால் எல்லோருக்கும் புரியும். நீங்களே பின்னால் கருவிப் பயிற்சிக்குப் போகும்போது இதை மறக்காதீர்கள்.

பேட்டர்ன் உயரம் பொதுவாகத் தரையிலிருந்து 1,000 அடி. டர்பைன் விமானங்களுக்கு 1,500. காஸா கிராண்டேவின் தரைமட்டம் 1,460 அடியை ஒட்டி இருப்பதால் உயரமானியில் சுமார் 2,500 காட்டும். வேறு குறிப்பு இல்லையென்றால் திருப்பங்கள் எல்லாம் இடப்பக்கம். பேட்டர்னுக்குள் நுழைய எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) விரும்பும் வழி, டவுன்விண்டின் நடுப்பகுதியை நோக்கி 45 டிகிரி கோணத்தில், ஏற்கெனவே பேட்டர்ன் உயரத்தில் வந்து சேர்வது. எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவர் பேட்டர்னுக்கு 500 அடியாவது மேலே ஓடுபாதையின் நடுவைக் கடந்து, வெளியே போய், இறங்கி, திரும்பி, 45-இல் சேரலாம். கடக்கும்போதும் சேரும்போதும் தனித்தனியாக அறிவியுங்கள். "என்டரிங் தி ஃபார்ட்டி-ஃபைவ்" என்று மட்டும் சொன்னால் எந்த ஓடுபாதைக்கு, எந்தப் பக்கத்துக்கு என்று தெரியாது. "ஆன் தி ஃபார்ட்டி-ஃபைவ், லெஃப்ட் டவுன்விண்ட், ரன்வே ஃபைவ்" என்று முழுதாக வரட்டும்.

ஒவ்வொரு திருப்பத்திலும் பேச வேண்டுமா என்றால், டவுன்விண்ட், பேஸ், ஃபைனல், ஓடுபாதையை விட்டு வெளியேறியது, இவை வழக்கமானவை. அலைவரிசை நெரிசலாக இருந்தால் எதை விடலாம் என்பதில் என் கருத்து இது: கிராஸ்விண்ட் அறிவிப்பை முதலில் விடுங்கள், பேஸை விடவே வேண்டாம். டவுன்விண்டில் நேராகப் பறக்கும் சிறு விமானம் பக்கவாட்டில் மெல்லிய கோடாகத்தான் தெரியும். பேஸுக்குத் திரும்பும்போது இறக்கை சாய்ந்து அதன் முழுப் பரப்பும் வெளிச்சத்தில் பளிச்சிடும். அந்த நொடியில் உங்கள் குரல் காதில் விழுந்தால் தேடுபவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் திரும்பி முடித்த பிறகு பேசாமல், திரும்பத் தொடங்கும்போது பேசுங்கள். அதற்கும் முன்னால் ஃபைனலின் நீளம் முழுவதையும் ஒரு முறை கண்ணால் துழாவுங்கள். நேராக வந்துகொண்டிருப்பவர் அங்கேதான் இருப்பார்.

ஸ்ட்ரெய்ட்-இன், அதாவது பேட்டர்னைச் சுற்றாமல் ஃபைனலுக்கு நேராக வருவது, தடை செய்யப்பட்டதல்ல. ஆனால் அதில் என்ன நடக்கலாம் என்பதற்கு கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் உதாரணம். 2022 ஆகஸ்ட் 18 அன்று டவர் இல்லாத அந்தத் தளத்தில் செஸ்னா 152 ஒன்று பேட்டர்னில் இருந்தது. இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று 20-ஆம் ஓடுபாதைக்கு நேராக வந்தது. பெரிய விமானம் 10 மைலில் அறிவித்தது, 3 மைலில் அறிவித்தது. சிறியது பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்புவதை அறிவித்தது. பின்னால் வருபவர் மிக வேகமாக நெருங்குவதைப் பார்த்து கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது) போவதாகவும் சொன்னது. இரண்டும் மோதி மூவர் இறந்தார்கள். இரு தரப்பும் ஒரே அலைவரிசையில் பேசிக்கொண்டுதான் இருந்தன. 340-இன் வேகம் ஏறத்தாழ 180 நாட். அந்த வேகத்தில் 3 மைல் என்பது ஒரே நிமிடம். 152-இல் 65 நாட்டில் வருபவருக்கு அதே 3 மைல் கிட்டத்தட்ட மூன்று நிமிடம். "த்ரீ மைல்" என்ற சொல் ஒன்றுதான், ஆனால் சொன்னவருக்கும் கேட்டவருக்கும் அது வேறு வேறு நேரம்.

எனவே யாராவது ஸ்ட்ரெய்ட்-இன் என்றால் மைலைக் கேட்டதோடு நிற்காமல் விமான வகையையும் கவனியுங்கள். கிங் ஏர், சைட்டேஷன், 340 என்று காதில் விழுந்தால் அந்த மைலை நிமிடமாக மாற்றிப் பாருங்கள். மூன்று மைலில் உள்ள வேகமான விமானத்துக்கு முன்னால் பேஸ் திரும்ப உங்களுக்கு நேரம் இல்லை. டவுன்விண்டை நீட்டுங்கள், நீட்டுவதைச் சொல்லுங்கள்: "எக்ஸ்டெண்டிங் டவுன்விண்ட் ஃபார் தி கிங் ஏர், நம்பர் டூ." தாழ்வாக இருப்பவருக்கு முன்னுரிமை என்று எஃப்.ஏ.ஏ. விதி 91.113 சொல்வது உண்மை. அந்த உரிமையைப் பயன்படுத்தி இன்னொருவரின் முன்னால் வெட்டி நுழையக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. பேட்டர்னில் விமானங்கள் இருக்கும்போது நேராக வருபவர்தான் இடம் பார்த்து நுழைய வேண்டும் என்பது நல்ல பழக்கம். எல்லோரும் அதைக் கடைப்பிடிப்பார்கள் என்று நம்பி நீங்கள் பேஸ் திரும்ப வேண்டாம்.

பதில் வந்தாலும் அது யாருடைய பதில் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு இலினாய் மாநிலத்தின் குவின்சியில் நடந்த விபத்தைப் பற்றி அவசியம் படித்துவிடுங்கள். 1996 நவம்பர் 19, அந்தி நேரம். யுனைடெட் எக்ஸ்பிரஸின் பீச் 1900 பயணிகள் விமானம் ஒன்று 13-ஆம் ஓடுபாதையில் இறங்க வந்தது. அதைக் குறுக்கே வெட்டும் 4-ஆம் ஓடுபாதையில் ஒரு கிங் ஏர், அதன் பின்னால் செரோக்கி என்ற சிறு விமானம் ஒன்று. இறங்க வந்தவர்கள் ரேடியோவில் கேட்டார்கள்: நான்காவது ஓடுபாதையில் இருப்பவர் நிற்கப் போகிறீர்களா, கிளம்பப் போகிறீர்களா? பதில் சொன்னது கிங் ஏர் அல்ல, பின்னால் நின்ற செரோக்கி. தான் காத்திருப்பதாகச் சொன்னார். அந்தப் பதிலின் நடுவில் பீச்சின் காக்பிட்டில் தரை நெருங்கும் எச்சரிக்கைக் குரல் "டூ ஹன்ட்ரட்" என்று ஒலித்து ஒரு பகுதியை மறைத்தது. "கிங் ஏர்" என்ற சொல் மட்டும் காதில் நின்றது. கிங் ஏர்தான் காத்திருக்கிறது என்று நினைத்து, நன்றி சொல்லிவிட்டுத் தொடர்ந்து இறங்கினார்கள். செரோக்கி அதைத் திருத்தவில்லை. கிங் ஏர் ஓடத் தொடங்கியது. இரண்டும் சந்திப்பில் மோதின. இரு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள்.

கிங் ஏர் விமானிகள் அலைவரிசையைக் கவனிக்கவில்லை அல்லது கண்ணால் சரியாகத் தேடவில்லை என்பதே காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. செரோக்கியின் பாதி மறைந்த பதிலால் வந்த தவறான புரிதலைத் துணைக் காரணமாகச் சேர்த்தது. இதிலிருந்து மூன்று பழக்கங்களை எடுத்துக்கொள்ளலாம். கேள்வி கேட்பதானால் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "கிங் ஏர் அட் ரன்வே ஃபோர், ஆர் யூ ஹோல்டிங்?" உங்களைக் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். பதில் சொல்ல நேர்ந்தால் உங்கள் அழைப்பெயரையும் வகையையும் முழுதாகச் சொல்லுங்கள். இன்னொருவர் உங்கள் பேச்சைத் தப்பாகப் புரிந்துகொண்டது தெரிந்தால் உடனே உடைத்துச் சொல்லுங்கள். நெரிசலாக இருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு இடம் உண்டு.

கிளம்பும்போதும் இதே கதைதான். ஓடுபாதைக்குள் நுழைவதற்கு முன், நிற்கும் கோட்டில் விமானத்தைச் சற்றுத் திருப்பி ஃபைனல் முழுவதும் கண்ணில் படும்படி நில்லுங்கள். உயர் இறக்கை செஸ்னாவில் இறக்கையே ஃபைனலை மறைக்கும். எதிர்முனையையும், குறுக்கு ஓடுபாதை இருந்தால் அதன் இரண்டு முனைகளையும் பாருங்கள். பிறகு, "காஸா கிராண்டே டிராஃபிக், செஸ்னா ஒன் டூ த்ரீ ஆல்ஃபா பிராவோ, டிபார்ட்டிங் ரன்வே ஃபைவ், ரிமெய்னிங் இன் தி பேட்டர்ன், காஸா கிராண்டே." அறிவித்தவுடன் உள்ளே போய்க் கிளம்பிவிட வேண்டும். ஓடுபாதையில் நின்றுகொண்டு சரிபார்ப்புப் பட்டியலைப் படிப்பது, வரிசையில் நின்று காத்திருப்பது எல்லாம் டவர் உள்ள இடத்துப் பழக்கம். பின்னால் வருபவரை உங்களுக்குக் காட்டிக் கொடுக்க இங்கே யாரும் இல்லை.

"டேக்கிங் தி ஆக்டிவ்", "கிளியர் ஆஃப் தி ஆக்டிவ்" என்ற பேச்சு எங்கும் காதில் விழும். டவர் இல்லாத இடத்தில் 'ஆக்டிவ்' (பயன்பாட்டில் உள்ள ஓடுபாதை) என்று யாரும் அறிவித்து வைப்பதில்லை. காற்று 3 நாட் என்றால் ஒருவர் 5-இலும் இன்னொருவர் 23-இலும் கிளம்பத் தயாராக இருப்பார்கள், இருவருக்கும் தங்களுடையதுதான் ஆக்டிவ். எண்ணைச் சொல்லுங்கள். இறங்கி வெளியேறும்போது விமானத்தின் வாலும் அந்த நிற்கும் கோட்டைத் தாண்டிய பிறகே "கிளியர் ஆஃப் ரன்வே ஃபைவ்" என்று சொல்ல வேண்டும். மூக்கு வெளியே வந்ததும் சொல்லிவிடுபவர்கள் அதிகம். பின்னால் ஃபைனலில் இருப்பவர் அதை நம்பி இறங்குவார்.

டச் அண்ட் கோ (தொட்டதும் ஏறுவது), ஸ்டாப் அண்ட் கோ (நின்று ஏறுவது), ஃபுல் ஸ்டாப் (இறங்கி வெளியேறுவது), லோ அப்ரோச் (தொடாமல் தாழப் பறந்து ஏறுவது), இதில் எது என்று ஃபைனலில் சொல்வது பின்னால் வருபவருக்குப் பெரிய உதவி. எவ்வளவு நேரம் ஓடுபாதையில் இருப்பீர்கள் என்று அவர் கணக்கிடுவது அதை வைத்துத்தான். "ஃபார் தி ஆப்ஷன்" என்பது இவற்றில் எதையும் செய்ய டவரிடம் கேட்கும் அனுமதியின் பெயர். இங்கே அதைச் சொன்னால், என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது என்றுதான் பொருள்.

"எனி டிராஃபிக் இன் தி ஏரியா, ப்ளீஸ் அட்வைஸ்" என்பதை எந்தச் சூழ்நிலையிலும் சொல்ல வேண்டாம் என்று எஃப்.ஏ.ஏ.வே எழுதி வைத்திருக்கிறது. ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துவார்கள். இருக்கிற கொஞ்ச நேரமும் போய்விடும். 15 மைலிலிருந்து சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலே அந்தப் பதில்கள் தாமாக வந்துவிடும். குறிப்பிட்ட ஒருவரைத் தேடினால் அவரை மட்டும் கேளுங்கள்: "செரோக்கி இன் தி பேட்டர்ன், சே யுவர் பொசிஷன்." அவரைப் பார்த்துவிட்டால் "டிராஃபிக் இன் சைட்", பார்க்கவில்லையென்றால் "நெகட்டிவ் கான்டாக்ட்". திரையில் புள்ளியாகத் தெரிகிறார் என்பது பார்த்ததாகாது. மற்ற விமானங்கள் தங்கள் இடத்தை ஒலிபரப்புவதைப் பிடித்துக் காட்டும் ஏ.டி.எஸ்-பி திரையில் வராத விமானங்கள் பேட்டர்னில் உண்டு, திரையில் உள்ளதும் சற்றுப் பழைய இடத்தைக் காட்டலாம்.

தப்பாகச் சொல்லிவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. "கரெக்‌ஷன், ரன்வே டூ த்ரீ" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். தப்பென்று தெரிந்தும் வெட்கப்பட்டுத் திருத்தாமல் விடுவதுதான் ஆபத்து. இடதுக்கு வலது, 23-க்கு 32, நார்த்துக்கு சவுத், மாறுவது பெரும்பாலும் இவைதான். ஓடுபாதை எண்ணை உள்ளங்கை அளவுத் தாளில் எழுதி முழங்காலில் வைத்துக்கொள்ளலாம். ஹெடிங் பக் (திசைகாட்டியில் நகர்த்தி வைக்கும் குறி) இருந்தால் அதை ஓடுபாதைத் திசையில் வைத்துவிட்டால் எண் எப்போதும் கண் முன்னால் இருக்கும்.

யாருமே உங்களைக் கேட்காதது போல் இருந்தால் கருவிப் பக்கம் பாருங்கள். அடிக்கடி நடப்பது: புதிய எண்ணைக் காத்திருப்பில் போட்டுவிட்டு மாற்றும் பொத்தானை அழுத்தாமல் விடுவது. அடுத்தது, கேட்பது ரேடியோ ஒன்றில், பேசுவது ரேடியோ இரண்டில். ஆடியோ பேனலில் மைக் எந்த ரேடியோவுக்குப் போகிறது என்பதும் எந்த ரேடியோ காதில் விழுகிறது என்பதும் தனித்தனி. ஒலி அளவு சரியா என்று பார்க்க இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து இரைச்சலைக் கேளுங்கள். மைக் உதட்டை ஒட்டினாற்போல் இருக்கட்டும். நுரைக்கும் உதட்டுக்கும் இடையில் விரல் நுழைந்தால் அது தூரம்தான். இரவில் ஒரு எளிய சோதனை உண்டு. பல தளங்களில் ஓடுபாதை விளக்குகளைச் சிடாஃப்பிலேயே மைக் பொத்தானால் ஏற்றலாம்: 5 வினாடிக்குள் 7 முறை அழுத்தினால் முழு வெளிச்சம், 5 முறை நடுத்தரம், 3 முறை குறைவு. விளக்கு எரிந்தால் அலைவரிசையும் சரி, உங்கள் ரேடியோ அலையை அனுப்புவதும் சரி. குரல் தெளிவாகப் போகிறதா என்பதை மட்டும் அது சொல்லாது. இன்னொருவர் பேசும்போது இப்படித் தட்டினால் அவர் பேச்சு துண்டு துண்டாகிவிடும், முடியும்வரை பொறுங்கள்.

பொத்தானை அழுத்தி அரை வினாடி விட்டுப் பேசத் தொடங்குங்கள். அவசரமாகத் தொடங்கினால் முதல் சொல் வெட்டுப்படும். அந்த முதல் சொல்தான் ஊர்ப் பெயர். விமான ரேடியோ ஏ.எம். முறையில் இயங்குவதால் இருவர் ஒரே நேரத்தில் அழுத்தினால் கீச்சென்று ஒரு சத்தம் வரும், இருவர் பேச்சும் கெடும். பேசிய இருவருக்கும் அது கேட்காது, மூன்றாவது ஆளுக்குத்தான் கேட்கும். அந்த மூன்றாவது ஆள் நீங்கள் என்றால் "பிளாக்ட்" என்று ஒரு சொல் சொல்லுங்கள், அவர்கள் திரும்பச் சொல்வார்கள். பரபரப்பான இடம் திடீரென்று மயான அமைதியானால் உங்கள் பொத்தானே சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ரேடியோவில் அனுப்பும் விளக்கு விடாமல் எரியும். நீங்களும் பயிற்றுநரும் பேசிக்கொள்வது ஊருக்கே ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கும். பல புதிய ரேடியோக்கள் சுமார் அரை நிமிடத்தில் தாமாக நிறுத்திக்கொள்ளும், பழையவை நிறுத்தாது.

காஸா கிராண்டேயிலிருந்து தெற்கே போனால் எலோய் வரும். உலகெங்குமிருந்து பாராசூட் குதிக்க வருபவர்களின் ஊர். அந்தப் பக்கம் போகும்போது "ஜம்பர்ஸ் அவே" (குதித்துவிட்டார்கள்) என்ற அறிவிப்பைக் கேட்டால் தளத்தின் மேலே கடக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். குதித்தவர்கள் ரேடியோவில் பேச மாட்டார்கள், குதிக்கவிட்ட விமானமும் வேகமாக இறங்கி வரும்.

உச்சரிப்பு பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. சர்வதேச வழக்கில் 3-ஐ "ட்ரீ" என்றும் 9-ஐ "நைனர்" என்றும் சொல்லத்தான் சொல்கிறார்கள். முதலாவது நம் நாக்குக்கு இயல்பாகவே வரும். கெடுப்பது வேகம். நாம் ஆங்கிலத்தை வேகமாகப் பேசிப் பழகியவர்கள். ரேடியோவில் எண்ணை ஒவ்வொன்றாக, வழக்கமான வேகத்தில் பாதியில் சொல்லிப் பாருங்கள், "சே அகெய்ன்" வருவது நின்றுவிடும். "பேஸ்" என்ற சொல் முணுமுணுப்பாகப் போய்விடும், அதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

அவசரத்தில் வரிசை மாறக் கூடாது. கோ-அரவுண்ட் என்றால் முதலில் முழுத் திராட்டில், மூக்கு, ஃபிளாப். விமானம் ஏறத் தொடங்கிய பிறகு ஒரு வரி: "கோயிங் அரவுண்ட், ரன்வே ஃபைவ்." கீழே ஓடுபாதையில் ஒருவர் கிளம்பிக்கொண்டிருந்தால் அவர் கண்ணில் படும்படி ஒரு பக்கமாக விலகி ஏறுங்கள். பேஸ் திருப்பத்தில் வேகம் குறைந்துகொண்டிருக்கும்போது பேச்சைச் சரியாக அமைக்கக் கண்ணை உள்ளே கொண்டுபோகாதீர்கள். அந்த அறிவிப்பு போனால் போகட்டும்.

பழக விமானம் தேவையில்லை. மொட்டைமாடியில் சாக்பீஸால் ஓடுபாதையும் பேட்டர்னும் வரைந்து இரண்டு முனையிலும் எண் எழுதிக்கொள்ளுங்கள். கையில் ஒரு பேனாவை மைக்காகப் பிடித்து நடந்து, ஒவ்வொரு மூலையிலும் உரக்கச் சொல்லுங்கள். முதலில் 5-க்கு இடப்பக்கமாக, பிறகு 23-க்கு, பிறகு வலப்பக்க பேட்டர்ன். தடுமாறாமல் வந்த பிறகு நண்பர் ஒருவரை ஸ்ட்ரெய்ட்-இன்னாக நடந்து வரச் சொல்லுங்கள். அவர் வேகமாக நடந்து வந்தால் என்ன சொல்வீர்கள், மெதுவாக வந்தால் என்ன சொல்வீர்கள், அவர் ஒன்றுமே பேசாமல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று மூன்றையும் தனித்தனியாகச் செய்து பாருங்கள்.